புதுக் காருக்கு என்ன ஒயில், முதல் ஒயிலை எப்போது மாற்றுவது: திருகோணமலை ஓட்டத்துக்கு ஒரு கணக்கு

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததில் இருந்து அபயபுரம் சந்தியிலும் உட்துறைமுக வீதியிலும் சீற்றின் பொலித்தீன் உறைகூடக் கழற்றாத கார்கள் ஓடித் திரிகின்றன. வாங்கினவருக்கு முதல் கிழமையிலேயே இரண்டு கேள்வி வந்துவிடும்: இதற்கு என்ன ஒயில் விடுவது, முதல் ஒயிலை எப்போது மாற்றுவது? கடைக்காரர் ஒன்று சொல்வார், கராஜ் பாஸ் வேறொன்று சொல்வார், மச்சானுக்குத் தனியாக ஒரு கொள்கை இருக்கும். விடை காரோடு வந்த கைநூலில் இருக்கிறது. ஆனால் அதை நம்மூர் ஓட்டத்துக்கு ஏற்றபடி வாசிக்கத் தெரியவேண்டும். திருகோணமலை டவுனுக்குள் நிற்கும் கார்களில், ஒயில் ஓடிக் கெடுவதைவிட ஓடாமல் கெடுவதுதான் கூட.

கானில் இருக்கும் எண்

0டபிள்யூ-20 என்றால் இரண்டு தனித்தனிச் சோதனைகளின் முடிவு. டபிள்யூ என்பது 'விண்டர்'. கடுங்குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதற்கு முன்னால் உள்ள எண். 0டபிள்யூ ஒயிலை மறை 35 பாகையிலும் 5டபிள்யூவை மறை 30 பாகையிலும் சோதிப்பார்கள். மார்கழி வாடையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்க யோசிக்கும் நம்மூரில் இந்த முன் எண்ணுக்காக மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது பின் எண். அது 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. 20 என்ற தரம் 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரை, 30 என்ற தரம் 9.3 முதல் 12.5 வரை, 50 என்றால் 16.3இல் தொடங்கும். அதாவது சூடான என்ஜினுக்குள் 50 ஒயில் 20 ஒயிலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிப்பு.

'இந்த வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஒயில் சரிவராது, 20டபிள்யூ-50 விடுங்கோ' என்ற புத்திமதி இங்கேதான் பிழைக்கிறது. என்ஜினின் சூட்டைத் தீர்மானிப்பது வெளியே அடிக்கும் வெயில் அல்ல, தேர்மோஸ்ரற்றும் ரேடியேற்றரும்தான். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்திலும் என்ஜின் தண்ணீர் 90 பாகையை ஒட்டித்தான் நிற்கும், ஜப்பானிலும் அப்படித்தான். மெல்லிய ஒயிலுக்கென்று செய்த என்ஜினில் பெயாரிங் இடைவெளி, ஒயில் பம்ப், வால்வு நேரத்தை மாற்றும் விவிரி எல்லாம் அந்தத் தடிப்புக்கே அளந்தவை. 50 விட்டால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேல்பகுதிக்கு ஒயில் ஏறச் சுணங்கும், விவிரி மந்தமாகும், பெற்றோலும் கூடக் குடிக்கும். பழைய தேய்ந்த டீசல் வானுக்குச் சொன்ன மருந்தைப் பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கிற கதை.

அதற்காக 0டபிள்யூ-20 தவிர எதையும் தொடக்கூடாது என்றும் இல்லை. பல கைநூல்களில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். 0டபிள்யூ-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 விடலாம், அடுத்த மாற்றத்தில் திரும்ப 0டபிள்யூ-20க்கு வரவும் என்று சில கார்களுக்குச் சொல்லியிருக்கும். ஹபரணைப் பக்கம் சுமை ஏற்றி அடிக்கடி ஓடுகிறவர் அந்த அட்டவணை இடம் கொடுத்தால் 30க்குப் போவதில் பிழையில்லை. அட்டவணையில் இல்லாத தரத்துக்குப் போகவேண்டாம். கைநூல் ஜப்பான் மொழியில் இருந்தால் ஒயில் விடும் மூடியைப் பாருங்கள். பல கார்களில் தரம் அதிலேயே அச்சடித்திருக்கும்.

தடிப்புக்கு அடுத்தது ஏபிஐ எழுத்து, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் ஒயிலுக்குக் கொடுக்கும் தர எழுத்து. பெற்றோல் காருக்கு 'எஸ்' என்று தொடங்கும்: எஸ்.என் 2010இல் வந்தது, எஸ்.பி 2020இல், எஸ்.கியூ 2025இல். புதியது பழையதற்குப் பதிலாகப் போகும், எஸ்.என் கேட்கும் காருக்கு எஸ்.பி தாராளமாக விடலாம், திருப்பிச் செய்யக்கூடாது. ரொயோட்டா ரைஸில் வருவது போன்ற சின்ன டேர்போ என்ஜின் என்றால் எஸ்.பிக்குக் கீழே வாங்கவே வேண்டாம். குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கும், ரைமிங் செயின் தேய்வதற்கும் எதிரான சோதனைகள் அந்தத் தரத்தில் உண்டு. டீசலில் புகை வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஒயில்தான்: கானில் ஐரோப்பியத் தரமான ஏசியா சி2, சி3 அல்லது ஜப்பான் தரமான ஜாசோ டிஎல்-1, எது கைநூலில் இருக்கிறதோ அது. வேறு டீசல் ஒயில் விட்டால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். எரித்துப் போக்க முடியாது.

பிராண்ட் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. சீனக்குடாவில் லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலையே இருக்கிறது; உள்ளூரில் கலந்ததென்று ஒயில் தரம் தாழ்ந்துவிடாது, வெளிநாட்டுக் கான் என்பதால் உயர்ந்தும் விடாது. தடிப்பு எண்ணும் ஏபிஐ எழுத்தும் சரியாக இருந்தால் போதும். பயப்பட வேண்டியது போலிக்கு. பரலில் இருந்து ஜக்கில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். கானின் சீலை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள், வெறுங்கானை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டிப் போடுங்கள். போலி ஒயிலுக்கு முதல் மூலப்பொருள் நல்ல பெயருள்ள வெறுங்கான்தான்.

முதல் மாற்றம்

புது என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரின் நுண்கீறல்களோடு உராய்ந்து பொருந்தும். அப்போது கழலும் இரும்புத் தூளும், பூட்டும்போது ஒட்டிய சீலன்ற் துணுக்கும் ஒயிலுக்குள் வரும். பெரியதை பில்டர் பிடிக்கும், மிக நுண்ணியது சுற்றிக்கொண்டே இருக்கும். இன்றைய என்ஜின்கள் முன்னையவற்றைவிட நுட்பமாகக் கடைந்து வருவதால் இந்த அழுக்கு குறைவு. அதனால்தான் சில கொம்பனிகள் முதல் 1,000 கிமீ சேர்விஸில் பார்வையிட்டு மட்டும் விட்டுவிடுகின்றன.

ஆகவே 1,000 கிமீயில் மாற்றியே ஆகவேண்டும் என்பது சட்டமல்ல, ஆனால் மாற்றுவதால் நட்டமும் இல்லை. ஒரு கானும் ஒரு பில்டரும் தான் செலவு. பத்து வருடம் வைத்திருக்க வாங்கிய கார் என்றால் 1,000க்கும் 1,500க்கும் இடையில் ஒருமுறை மாற்றிவிடுவதே எங்கள் கட்சி. விதிவிலக்கு ஒன்று: தொழிற்சாலையில் விட்ட ஒயிலை முதல் தவணை வரை எடுக்கவேண்டாம் என்று கைநூல் வெளிப்படையாகச் சொன்னால் எடுக்காதீர்கள். பொருந்தும் காலத்துக்கென்றே சேர்மானம் போட்ட ஒயிலாக அது இருக்கும்.

கிலோமீற்றரைவிட நாட்காட்டியை நம்பச் சொல்வதற்கு ஒரு கணக்கு. வீட்டில் இருந்து பாடசாலை 2 கிமீ. காலையில் விட்டுவர 4, மத்தியானம் ஏற்றிவர 4, நாளுக்கு 8 கிமீ. கிழமைக்கு ஐந்து நாள் 40. ஆயிரம் ஆக 25 கிழமை, கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட ஒயில் முழுச் சூடு கண்டிருக்காது. தண்ணீர் ஊசி நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் சூடேற இன்னும் பல நிமிடம் வேண்டும். இரண்டு கிலோமீற்றரில் அது நடக்காது. எரியாத பெற்றோல் ரிங்கைத் தாண்டி வடிந்து ஒயிலை இளக்கும், எரியும்போது உண்டான நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகத் தங்கும். மாரி காலத்தில் ஒயில் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள்: மோர்க்குழம்பு மாதிரி வெளிர்மஞ்சள் நுரை ஒட்டியிருந்தால் அதுதான் இது. ரேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் மட்டும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

ஹைபிரிட் காரில் இது இன்னும் மோசம். பற்றரியில் ஓடி நின்று ஓடுவதால் என்ஜின் ஆறிப்போய் ஆறிப்போய் வேலை செய்யும். 'என்ஜின் பாதி நேரம்தானே ஓடுது, ஒயிலும் இரட்டிப்புக் காலம் போகும்' என்பது தலைகீழ்க் கணக்கு.

ஜப்பானில் ரொயோட்டா சொல்லும் இடைவெளி, டேர்போ இல்லாத பெற்றோல் காருக்கு 15,000 கிமீ அல்லது ஒரு வருடம். கடுமையான பாவனை என்றால் அதில் பாதி: 7,500 அல்லது ஆறு மாதம். டேர்போவுக்கு 5,000 அல்லது ஆறு மாதம், கடுமை என்றால் 2,500 அல்லது மூன்று மாதம். 8 கிமீக்குக் குறைந்த ஓட்டம் அடிக்கடி வருவது அவர்கள் கணக்கில் கடுமையான பாவனை. டவுனுக்குள் மட்டும் ஓடும் கார்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் விழும். நடைமுறைக்கு 5,000 கிமீ அல்லது ஆறு மாதம், எது முந்துதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேர்போ வைத்து டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர் 2,500 அல்லது மூன்று மாதத்திலேயே மாற்றட்டும்.

கிழமைக்கு ஒருக்கால் நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரை அல்லது கந்தளாய்க்கு ஓடிவந்தால் ஒயிலில் இருக்கும் தண்ணீரும் பெற்றோலும் ஆவியாகிப் போகும். முதல் 1,000 கிமீக்குள் போவதானால் ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓடுங்கள். முழு அழுத்து வேண்டாம், ஏசி போட்டு நிறுத்தி வைத்துக் காத்திருப்பதும் வேண்டாம்.

றீகண்டிஷன் கார்

மீற்றரில் 3,000 கிமீ காட்டும், ஆனால் யார்ட்டிலும் கப்பலிலும் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் கிடந்து வந்திருக்கும். கதவோரத்திலோ பொனற்றுக்கு உள்ளேயோ ஒயில் மாற்றிய ஸ்ரிக்கர் இருந்தால் வாசியுங்கள். அதில் 7 என்று தொடங்கும் திகதி ஜப்பானின் ரெய்வா ஆண்டாக இருக்கலாம். ரெய்வா 1 என்பது 2019, ஆக 7 என்பது 2025. ஸ்ரிக்கர் இல்லையென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கார் கைக்கு வந்த கிழமையே ஒயிலும் பில்டரும் மாற்றி, அன்றைய மீற்றரை எழுதி, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

எவ்வளவு விடுவது

ஒயில் 4 லீற்றர்க் கானில் வரும், என்ஜின் அந்தக் கானைப் பார்த்துச் செய்ததல்ல. ரொயோட்டாவின் முந்திய என்.எச்.பி.10 அக்குவாவுக்கு பில்டரோடு 3.7 லீற்றர், பில்டர் மாற்றாவிட்டால் 3.4. பிரியஸ் 1.8க்கு பில்டரோடு 4.2. இரண்டுக்கும் 'ஒரு கான்' ஊற்றினால் அக்குவாவில் 300 மில்லி கூட, பிரியஸில் 200 மில்லி குறைவு. கூடினால் சுழலும் கிராங் ஒயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, மிச்சம் காற்றுக்குழாய் வழியே உள்ளே போய் எரிந்து நீலப் புகையாக வரும். மிஞ்சியதைக் கானில் வைத்து மூடி ரிக்கிக்குள் போடச் சொல்லுங்கள், இடையில் குறைந்தால் அதுதான் உதவும்.

நீங்களே மாற்றுவதானால்

அக்குவாவை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூடாக்கி, நிறுத்தி, சமதரையில் றாம்பில் ஏற்றுங்கள். கார் தூக்கும் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஹைபிரிட் என்பதால் பவரை முழுதாக நிறுத்தி ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் வையுங்கள். 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் கீழே கிடக்கும்போதே என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகலாம்.

முதலில் மேல் மூடியைத் திறந்துவிட்டு, 14 மிமீ சொக்கற்றால் சம்ப் (என்ஜினின் அடியில் உள்ள ஒயில் தொட்டி) நட்டைக் கழற்றி 10 நிமிடமாவது வடியவிடுங்கள். பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய வளையத்தின் மேல் புதிய பில்டரைப் பூட்டினால் ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்தில் ஒயில் முழுவதும் தரையில். புது வளையத்தில் ஒயில் பூசி, முகம் தொடும்வரை கையால் சுற்றி, அங்கிருந்து முக்கால் சுற்று. பில்டர் ஸ்பனரை இறுக்கப் பாவிக்க வேண்டாம்.

சம்ப் நட்டுக்குப் புது வொஷர், இறுக்கம் 38 நியூற்றன் மீற்றர். டோர்க் ஸ்பனர் இல்லையென்றால் குட்டை ரேச்சற்றால் வொஷர் நசிவது கைக்குத் தெரியும்வரை. சேர்விஸ் ஸ்ரேஷனில் காற்று கன்னால் இறுக்குவதைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். மரை போனால் சம்பையே மாற்ற நேரும். நம்மூர் உப்புக்காற்றில் நட்டின் தலையும் துருப்பிடிக்கும், ஆகவே முனை உருண்ட நட்டை அடுத்த முறைக்கு வைக்காமல் அப்போதே மாற்றுங்கள்.

3.4 லீற்றர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒயில் விளக்கு சில வினாடியில் அணையவேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு, றாம்பில் இருந்து சமதரைக்கு இறக்கி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஒயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்துப் பார்த்து, 'எஃப்' கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சம்ப் நட்டின் கீழே கடதாசி ஒன்றை விரித்துவிட்டு இரவு நிறுத்திக் காலையில் பாருங்கள்.

வாரன்ரி உள்ள கார் என்றால் வெளியே மாற்றலாமா என்று முகவரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், ஒயில் பில்லையும் பில்டர் பில்லையும் கைநூலுக்குள்ளேயே வையுங்கள். முதல் 3,000 கிமீ வரை 500க்கு ஒருமுறை கம்பியைப் பார்ப்பது நல்லது. புது என்ஜின் ரிங் பொருந்தும்வரை கொஞ்சம் ஒயில் குடிக்கும். 1,000 கிமீக்கு ஒரு லீற்றரை நெருங்கினால் முகவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

என்ஜின் ஃபிளஷ், ஒயிலில் சேர்க்கும் போத்தல் மருந்து இரண்டும் புதுக் காருக்கு வேண்டாம். வடித்த ஒயிலைக் காரின் அடிப்பாகத்துக்கு அடித்தால் துரு பிடிக்காது என்பார்கள். புஷ் ரப்பர் ஊதி வெடிக்கும், அதுதான் மிச்சம். வீதியோர வடிகாலில் ஊற்றினால் அது நேரே கடலுக்குப் போகும். பழைய கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்ரேஷனில் கொடுத்துவிடுங்கள்.