விமானம் ஏறுமுன் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இரவு முழுக்க வேனில் குலுங்கிப் போய் இறங்கும்போது வயிறு காய்ந்து கிடக்கும். இருந்தாலும் உடனே கடையைத் தேடாதீர்கள். முதலில் பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸை வாங்குங்கள், குடியகல்வு வரிசையையும் முடித்துவிடுங்கள். அப்புறம் சாப்பாடு. வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருமுறை ஃப்ரைட் ரைஸ் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் காத்திருந்தேன். ஆவி பறக்கத் தட்டு வந்தது. நாலு கரண்டி வாயில் வைப்பதற்குள் விமானத்துக்கு அழைப்பு. பில் போட இன்னும் ஐந்து நிமிடம். அன்றிலிருந்து உட்காரும் முன்பே, "தம்பி, இப்ப என்ன ரெடியா இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். சோறு கறியோ ரோல்ஸோ, ஆக்கி வைத்ததைத்தான் எடுப்பேன். தட்டு வரும்போதே காசையும் கொடுத்துவிடுவேன். அதற்காகவே கொஞ்சம் ரூபாயை மாற்றாமல் வைத்திருங்கள். பாஸில் போர்டிங் நேரம் தனியாக இருக்கும், அதைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

வீட்டுப் பிட்டும் மீன் குழம்பும் கட்டி வந்திருந்தால், வழியனுப்ப வந்தவர்களோடு வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குழம்பும் தயிரும் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். வாய் கட்டிய தயிர்ச் சட்டியை ஒரு பிள்ளை மேசையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபடி போனதைக் கண்டிருக்கிறேன், மனசு கேட்கவில்லை.