கடற்பாசியை ரீஃப் டேங்கில் விடுவதற்கு முன்: தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கும் முறை

ரீஃப் டேங்க், அதாவது பவளமும் மீனும் வாழும் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில், புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள்கூட, கீட்டோ என்ற பச்சை இழைப்பாசியை வாங்கினால் கவரைப் பிரித்த கையோடு சம்ப்பில் (டேங்கோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில்) போட்டுவிடுகிறார்கள். பாசிதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. அந்தப் பச்சைச் சிக்கலுக்குள் ஐப்டேசியா என்ற தொல்லைக் கடற்சாமந்தி, தட்டைப்புழு, வாலோனியா என்ற குமிழ்ப்பாசி, குட்டி நண்டு என்று எது வேண்டுமானாலும் குடியிருக்கலாம். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணியின் உறைக்கூடுகூட ஒட்டிக்கொண்டு வரலாம். அலசினால் இவை குறையும், அவ்வளவுதான். மிச்சத்தைத் தீர்ப்பது மீன் இல்லாத தொட்டியும் காத்திருப்பும்.

1. தொட்டி. பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். ஏர் பம்ப், சின்ன ஹீட்டர், ஒரு எல்.இ.டி. விளக்கு. உப்பளவு (ஒப்படர்த்தியில்) 1.025, வெப்பம் 25 டிகிரி, வெளிச்சம் தினமும் 10 முதல் 12 மணி நேரம். மணலும் கல்லும் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால்தான் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். தாமிர மருந்து ஊற்றிய பழைய டப்பாவை எடுக்காதீர்கள், பாசிக்கு அது விஷம்.

2. பிரித்துப் பார்ப்பது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். வெள்ளைத் தட்டில் உப்புநீர் ஊற்றி, பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் பரப்புங்கள். பச்சைக் கண்ணாடி மணி மாதிரி உருண்டையாகப் பளபளப்பது வாலோனியா. அதை நசுக்காமல், ஒட்டியிருக்கும் இழையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். பழுப்பு நிறத்தில், சுற்றிலும் விரல்களோடு, தொட்டதும் சட்டென்று சுருங்கினால் ஐப்டேசியா. பிய்த்தால் மிஞ்சும் சிறு துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும் என்பதால், அந்தக் கொத்தையே தள்ளிவிடுங்கள். பஞ்சு மாதிரி வேறு நிறத்தில் படர்ந்திருக்கும் பாசி இருந்தாலும் அப்படியே. நான் பொதுவாகப் பாதியைக் குப்பையில் போடுவேன். கீட்டோ எப்படியும் வளர்ந்துவிடும், கவலை வேண்டாம்.

3. அலசல். இரண்டு மூன்று பாத்திரங்களில் உப்புநீர் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி நன்றாக உலுக்குங்கள். கீட்டோவாக இருந்தால், அதே வெப்பத்தில் உள்ள ஆர்.ஓ. தண்ணீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுக்கலாம். ஒளிந்திருக்கும் பூச்சி புழுக்கள் பொலபொலவென்று உதிரும். காலர்பா என்ற இன்னொரு பச்சைப் பாசிக்கு இது ஆகாது, கரைந்துபோகும். சிவப்புப் பாசிகளுக்கும் உப்புநீர் அலசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. காத்திருப்பு. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி, உறையிலிருந்து வெளிவந்ததும் மீனைப் பிடிக்க வேண்டும். மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் எல்லா உறைகளும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. அதனால்தான் ரீஃப் வளர்ப்பவர்களிடையே 76 நாள் என்ற கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. நீளம்தான், ஆனால் மீன் உள்ள டேங்க் என்றால் நான் குறைக்க மாட்டேன்.

இந்த நாட்களில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணில் படாத புழுவும் நண்டும் அப்போதுதான் உலாவும். அப்புறம், மீன் இல்லாத தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தீர்ந்துபோய்ப் பாசி வெளுக்கும். பெரிய டேங்கில் தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய தண்ணீரை இதில் ஊற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்த டேங்கில் வெள்ளைப்புள்ளி இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் வேண்டாம். நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தனித்தொட்டியிலிருந்து பெரிய டேங்குக்கு ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. வலை, கத்தரிக்கோல் எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும்.

5. மாற்றுவது. முழுக் கொத்தையும் தூக்கிப் போடாதீர்கள். தனித்தொட்டியில் புதிதாக வளர்ந்த சுத்தமான நுனிகளை மட்டும் வெட்டி, இன்னொரு முறை வெள்ளைத் தட்டில் பார்த்துவிட்டு விடுங்கள்.

மிச்சப் பாசியைச் சாக்கடையிலோ கடலிலோ கொட்ட வேண்டாம். தொட்டியில் வளர்த்த காலர்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கரையோரம் தென்பட்டு, மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. 2000-இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலிலும் முளைத்தது. அதை அழிக்கத் தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்த வேண்டியிருந்தது. மிச்சப் பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.