சிட்னியில் வாடகை வீடு: பால் காய்ச்சும் முன் அடுப்படியைப் படமெடுங்கள்

வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. விண்ணப்பம், வருமானச் சான்று, நான்கு வார வாடகைக்கு மேல் போகாத பாண்ட் (நம்மூர் அட்வான்ஸ் மாதிரி), எல்லாம் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். பாண்ட் பணம் ஓனர் கையில் இருக்காது, மாநில அரசின் நுகர்வோர் துறையான ஃபேர் டிரேடிங்கில் இருக்கும். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் நம்மூர் வழக்கமும் இங்கே கிடையாது.

கவனம் வேண்டியது, குடிபோகும்போது வீடு இருந்த நிலையைப் பதியும் கண்டிஷன் ரிப்போர்ட்டில். அறை அறையாக சுவர், தரை, ஜன்னல் என்று வரிசை போட்டு, சுத்தமா, சேதமில்லையா, வேலை செய்கிறதா என்று கட்டங்கள் இருக்கும். ஏஜென்ட் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'ஒய்' (Y, ஆம்) போட்டிருப்பார். உங்கள் மறுப்பை வாடகைதாரருக்கான கட்டத்தில் எழுதி, குடிபோன 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் அவர் எழுதியதுதான் சரி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட ஆதாரம் வேண்டும்.

என் நண்பன் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்து வெள்ளை மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது. ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னான், "நோ வொரீஸ்" என்றார். காலி செய்யும்போது வந்தவர் வேறு ஆள். கறையைப் பார்த்ததுமே "உங்கள் சமையல்" என்று முடிவு கட்டிவிட்டார். நண்பனிடம் இருந்ததெல்லாம் வாசலில் நின்று எடுத்த படங்கள். கறை தெரியவில்லை. 600 டாலர் போயிற்று. பணத்தைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் மனைவி அந்த அடுப்படியைப் பளிங்கு மாதிரி வைத்திருந்தாள்.

அதனால் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுங்கள், ஆனால் அதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம்: எந்த இடம் என்று தெரிய தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் ரேஞ்ச்ஹூட்டின் வலையைக் கழற்றி அடிப்பக்கத்துப் பிசுக்கையும் எடுங்கள். தாளிப்பு வாசம் பிடிக்காதவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம் ஓவனின் உள்பக்கம், கார்ப்பெட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, குளியலறைப் பூஞ்சை. ரிப்போர்ட்டில் "கறை" என்று மட்டும் எழுதாமல் இடம், அளவு, நிறம் எல்லாம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். ரிப்போர்ட்டோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏஜென்ட் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டாம், அந்தக் கட்டம் உங்களுக்காகவே இருக்கிறது.

காலி செய்த பின் உங்கள் சம்மதமில்லாமல் ஏஜென்ட் பாண்டைக் கேட்டால் ஃபேர் டிரேடிங் உங்களுக்குத் தெரிவிக்கும். 14 நாளுக்குள் என்கேட் (NCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, அதை ஃபேர் டிரேடிங்கிடம் சொல்லிவிட வேண்டும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.