பிரிட்டன் ஓட்டுநர் தேர்வு: காரைப் பின்னோக்கிச் செலுத்தப் பழகுவது எப்படி?

இந்தியாவிலோ இலங்கையிலோ பல ஆண்டுகள் கார் ஓட்டியவராக இருந்தாலும், பிரிட்டனில் குடியேறிய 12 மாதங்களுக்குப் பிறகு அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. இவ்விரு நாடுகளின் உரிமங்களை நேரடியாக மாற்றித் தரும் ஏற்பாடும் இல்லை என்பதால், 17 வயதுப் பிள்ளைகளைப் போலவே நாமும் தற்காலிக உரிமம் வாங்கி, காரில் எல் பலகையை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அப்படித் தொடங்குகிறவர்களுக்குச் சாலையில் ஓட்டுவதைவிட ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய தடையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் நமக்குப் பின்னால் ஒருவர் நின்று, "வாங்க வாங்க, இன்னும் ஒடிங்க, போதும்" என்று காரின் பின்புறத்தைத் தட்டி நிறுத்துவார். இங்கே அவர் செய்த வேலையையும் நாமே செய்ய வேண்டும்.

தேர்வு ஏறத்தாழ 40 நிமிடம் நடக்கும். அதில் மூன்று ரிவர்ஸ் பயிற்சிகளில் ஒன்றைத் தேர்வாளர் செய்யச் சொல்வார்: சாலையோரத்தில் நிற்கும் காருக்குப் பின்னால் இணையாக நிறுத்துவது, வண்டி நிறுத்துமிடத்தின் கட்டத்துக்குள் நிறுத்துவது, சாலையின் வலப்பக்கம் ஒதுங்கி நின்று இரண்டு கார் நீளம் பின்னால் வருவது. தெருமுனையைச் சுற்றிப் பின்னால் வருவதும், சாலைக்குக் குறுக்கே முன்னும் பின்னுமாக நகர்த்தித் திருப்புவதும் 2017 டிசம்பர் 4 முதல் தேர்வில் இல்லை. அதற்கு முன் தேர்வானவர் உங்களுக்குக் கற்றுத்தந்தால் அவற்றையும் சேர்த்துச் சொல்லித்தருவார், தெரிந்துகொள்வதில் நட்டமில்லை.

சிறு பிழைகள் 15 வரை இருந்தாலும் தேர்ச்சி உண்டு. பெரும்பிழை ஒன்று போதும், தோல்விதான். என் முதல் முயற்சியில் கார் கட்டத்தின் நட்டநடுவில் அளந்து வைத்தாற்போல நின்றது. ஆனால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி பின்னால் வந்த பெண்ணை நான் கவனிக்கவேயில்லை. தேர்வாளர்தான் பிரேக் போட வைத்தார். கோட்டுக்குள் நிற்பது பாதி வேலைகூட இல்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆகவே ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன் வேகத்தைப் பழகுங்கள். சமதளமான, ஆளரவமற்ற இடத்தில் ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சைப் பாதி அழுத்திய நிலையில் (ஹாஃப் கிளட்ச்) பிடித்தபடி, கார் ஓர் ஆமையைப் போல நகரும்படி 20 மீட்டர் நேராகப் பின்னால் வாருங்கள். வேகம் கூடினால் கிளட்சை ஒரு நூலளவு அழுத்தினால் போதும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கைச் சற்றே தளர்த்துவதுதான் முழு வித்தை. ஆனால், ஆட்டோமேட்டிக்கில் தேர்ச்சி பெற்றால் கியர் கார் ஓட்டும் உரிமம் கிடைக்காது. கார் மெதுவாக நகர்ந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பவும், திரும்பிப் பார்க்கவும், தவறைத் திருத்தவும் நேரம் கிடைக்கும்.

அடுத்தது பார்வை. நகர்வதற்கு முன், இடத் தோளுக்கு மேல் தொடங்கி முன்பக்கம், கண்ணாடிகள், வலத் தோள் என ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பின்னால் வரும்போது பெரும்பாலும் திரும்பி, காரின் பின்பக்க ஜன்னல் வழியாகவே பார்க்க வேண்டும். பின்பக்கக் கேமரா இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தால் பிழையாகும். உடம்பைத் திருப்பச் சிரமமாக இருந்தால், ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. முடிந்ததும் மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். யாராவது வந்தால் காரை நிறுத்திவிட்டு, அவர் கடந்துபோகிறாரா, நமக்காக நிற்கிறாரா என்று பார்த்து, மீண்டும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகே நகர வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரையும் குழப்புவது ஸ்டீயரிங்தான். பின்னால் வரும்போதும் இடப்பக்கம் ஒடித்தால் காரின் பின்புறம் இடப்பக்கமே போகும். ஆனால், திரும்பும் சக்கரங்கள் முன்னால் இருப்பதால் அதே நேரத்தில் காரின் மூக்கு வலப்பக்கமாக, சாலைக்குள், வீசிப் போகும். அதனால்தான் ஒடிப்பதற்குச் சற்று முன் வலத் தோளுக்கு மேல் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நகரும் காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு மூக்கை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

இப்போது இணையாக நிறுத்துவதைப் பார்ப்போம். இடப்பக்கம் நிற்கும் காருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, அதற்கு நேராக நிறுத்துங்கள். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்து உங்கள் எண்ணத்தை மற்றவர்களுக்குச் சொல்லிவிடும். சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு கார்களின் பின்முனைகளும் ஒரே கோட்டில் வரும்வரை நேராகப் பின்னால் வாருங்கள். அங்கே நிறுத்தி, மறுபடி பார்த்து, இடப்பக்கம் ஒடித்துக்கொண்டே வந்தால் கார் சாய்வாக உள்ளே நுழையும். இடப்பக்கக் கண்ணாடியில் நடைபாதையின் விளிம்புக்கல் காரின் பின்கதவுக் கைப்பிடியை நெருங்குவதுபோலத் தெரியத் தொடங்கும்போது ஸ்டீயரிங்கை நேராக்கி, பிறகு வலப்பக்கம் முழுவதும் ஒடியுங்கள். மூக்கு உள்ளே வந்து சேரும். கண்ணாடியில் காரின் பக்கவாட்டும் கல்லின் கோடும் இணையாகத் தெரிந்த கணத்தில் சக்கரத்தை நேராக்கி நிறுத்துங்கள். இவை அனைத்தும் ஏறத்தாழ இரண்டு கார் நீளத்துக்குள் முடிய வேண்டும். கண்ணாடியில் கல் தெரியும் இடம் காருக்குக் கார், ஆளின் உயரத்துக்கு உயரம் மாறும். உங்கள் அடையாளத்தை நீங்களே கண்டுபிடித்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லின் மேல் ஏறிவிடும்போல இருந்தால் நிறுத்தி, முன்னால் சற்று நகர்ந்து சரிசெய்யலாம். அதற்காக யாரும் தோற்பதில்லை. நடைபாதைமேல் ஏறினால்தான் ஆபத்து.

கட்டத்துக்குள் நிறுத்துவதில் இரு வகை உண்டு: முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறுவது, பின்னால் நுழைந்து முன்னால் வெளியேறுவது. எதைச் செய்வது என்பதைத் தேர்வாளர் சொல்வார். பின்னால் நுழையும்போது, நான் பழகிய சிறிய காரில், நிறுத்த வேண்டிய கட்டத்தைத் தாண்டி மூன்றாவது கோடு என் தோளுக்கு நேராக வந்ததும் நின்று, முழுவதும் ஒடித்துப் பின்னால் வருவேன். இரு பக்கக் கண்ணாடிகளிலும் கோடுகள் காருக்கு இணையாகத் தெரிந்தவுடன் நேராக்கிவிடுவேன். ஒரு பக்கக் கோடு மட்டும் மெலிந்து மறைந்தால், பிடிவாதமாக உள்ளே தள்ளாமல் முன்னால் வந்து நேர்செய்து நுழையுங்கள். முன்னால் நுழைந்தவர்கள் வெளியே வரும்போது இரண்டு பக்கமும் நிற்கும் வேன்கள் பார்வையை மறைக்கும்; பின்சீட்டுக் கண்ணாடி வழியே வழி தெரியும்வரை அங்குலம் அங்குலமாகத்தான் வர வேண்டும்.

மூன்றாவது பயிற்சிக்கு ஸ்டீயரிங் வேலை குறைவு. எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு, வலப்பக்கம் இன்டிகேட்டர் போட்டு, கடந்துபோய் விளிம்புக்கல்லை ஒட்டி நிறுத்துங்கள். கல் உங்கள் கதவருகிலேயே இருப்பதால் வலக் கண்ணாடியை அவ்வப்போது பார்த்து இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டு, பின்பக்க ஜன்னல் வழியே பார்த்தபடி இரண்டு கார் நீளம் வாருங்கள். கிளம்பும்போது இடத் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். பழக்கத்தில் வலத் தோளை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுவதுதான் இங்கே நிகழும் பெரும்பிழை. இரவில் போக்குவரத்துக்கு எதிர்முகமாகக் காரைச் சாலையில் நிறுத்தி வைப்பது சட்டப்படி தவறு என்பதால் இதைப் பகலிலேயே பழகுங்கள்.

வீட்டார் உடன் அமர்ந்து பழக்குவதாக இருந்தால், அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 ஆண்டுகளாக உரிமம் இருக்க வேண்டும். காரின் காப்பீட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அவரிடம் ஒரே ஓர் உதவி கேளுங்கள்: "ஒடி, ஒடி" என்று சொல்லாமல், நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கத் தவறினீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கார் நின்ற பிறகு சொல்லச் சொல்லுங்கள்.