ஸ்பானியம் கற்கப் புறப்படும் நம் சகோதரிகள் செய்யும் தவறுகள்

பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 11 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய பின், தென்னமெரிக்காவுக்குப் புறப்படும் இளம் அருட்சகோதரிகளுக்குக் கிருஷ்ணகிரியில் வாரம் இரண்டு நாள் ஸ்பானியம் சொல்லித் தருகிறேன். என்னுடைய பழைய தவறுகளே ஒவ்வோர் ஆண்டும் வேறு முகங்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கின்றன. ஒலி ஒத்த சொல்லை மாற்றிச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவது, பெட்டி நிறைய ஊறுகாய் சுமந்து போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை அந்த ஊரே ஒரு வாரத்தில் திருத்திவிடும்.

தலையாட்டல்

நாம் "சரி" என்பதற்கு இருபுறமும் சாய்த்து ஆட்டும் தலை, அங்குள்ளவர்கள் கண்ணுக்கு மறுப்பாகவே படும். ஒரு ஞாயிறு மதியம் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில், சூப் முடிந்ததும் அடுத்த தட்டு வேண்டுமா என்று கேட்டார்கள். நான் மனநிறைவோடு தலையாட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாயைத் திறந்து "சி" (ஆம்) என்று சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் கற்பது

இந்த ஒரு தவறு எனக்கு ஏழு மாதங்களைத் தின்றது. இன்றும் மாணவிகளின் நோட்டில் ஸ்பானியம், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பத்திகள் கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நடுப்பத்தியை நானே பேனாவால் அடித்துவிடுகிறேன்.

எனக்கு மொழி கற்பித்த பள்ளியில் பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. வெளிநாட்டு மொழி என்றாலே ஆங்கிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று நானும் நம்பினேன். அவரை விதையை உரித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி "மே துவேலே லா ரோதில்யா" என்றபோது, "மே" என்றால் யார், "துவேலே" என்பது எந்த வினை என்று மனத்துக்குள் ஆங்கில வாக்கியமாக அடுக்கிப் பார்த்தேன். அடுக்கி முடிப்பதற்குள் பாட்டி பேரன் கதைக்குப் போய்விட்டார். அவர் சொன்னது "எனக்கு முழங்கால் வலிக்கிறது" என்பதுதான். நம் வாக்கியத்தில் வலிப்பது முழங்கால், வலி வந்து சேர்வது "எனக்கு", ஸ்பானியத்திலும் அப்படியேதான். "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பது "மே குஸ்தா எல் கஃபே" ஆகிவிடும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருபவர்கள் "யோ குஸ்தோ" என்று தொடங்குகிறார்கள். அது கேட்பவர் காதில் "என்னைப் பிறருக்குப் பிடிக்கும்" என்பது போல விழும்.

அந்த "யோ", அதாவது "நான்", வேறு ஒரு தொல்லை. "வந்தேன்" என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடுவதால், நாம் ஒவ்வொரு வாக்கியத்திலும் "நான்" போடுவதில்லை. ஸ்பானியத்திலும் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஆனால் ஆங்கிலப் பழக்கத்தால் நான் "யோ" இல்லாமல் வாயே திறக்கவில்லை. அதே பாட்டி ஒரு நாள், "சகோதரி, உங்கள் ஊரில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கேள்வியும் புரிந்தது, அதிலிருந்த குட்டும் புரிந்தது.

உச்சரிப்பிலும் இதே கதைதான். ஸ்பானிய எழுத்தைக் கண்டதும் ஆங்கில ஞாபகத்தில் தக்காளியை "டோமாட்டே" என்கிறார்கள், அது "தோமாத்தே". நம் தகரம் பிறந்ததிலிருந்து நம் நாவில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எதற்கு டகரத்தை இரவல் வாங்க வேண்டும்? "பெரோ" என்றால் "ஆனால்", ரகரத்தை உருட்டிப் "பெர்ரோ" என்றால் "நாய்". ரகர றகர வேறுபாட்டை இன்னும் நாவில் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்வது எளிது. நன்றி சொன்னால் "பரவாயில்லை" என்ற பொருளில் "தே நாதா" என்பார்கள். "நாதா" என்பதை நம் செபப் புத்தகத்தில் வாசிப்பது போலவே வாசித்தால் ஒலி சரியாக வந்துவிடும். முதல் வாரம் முழுக்க, இந்த ஊரில் கடைக்காரர்கூட ஆண்டவரை அழைக்கிறாரே என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண், தலைவலியைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் யோசிக்காமல் சொல்கிறாள். மூன்றிலும் வாக்கியம் "எனக்கு" என்றே தொடங்குகிறது. அந்த மொழிகளை அவள் பேருந்திலும் சந்தையிலும் கற்றாள். எந்தப் புத்தகத்தையும் வைத்து மொழிபெயர்த்துக் கற்கவில்லை. அப்படிப்பட்டவள் என் வகுப்பில் உட்கார்ந்து, "எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது சிஸ்டர், ஸ்பானியம் எப்படி வரும்?" என்று கலங்குகிறாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும்படி அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் தாங்குவதில்லை.

இனிஷியல்

அங்கே பொதுவாக எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு: தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. நமக்கு இருப்பது இனிஷியல்தான். அதை விரித்தால் அப்பா பெயர். விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்களைக் கண்டதும், ஒரு படிவத்தில் அப்பா பெயரோடு அம்மா பெயரையும் எழுதினேன், மற்றொன்றில் அப்பா பெயரை மட்டும் எழுதினேன். ஏட்டில் நான் இரண்டு பேராகிவிட்டேன். அந்த இருவரையும் ஒருத்தியாக்க நான்கு மாதங்கள் நடக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டும், உள்ளபடியே, எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

பானையில் சோறு

கோச்சபாம்பா சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் 100 பாகையை எட்டும் முன்பே கொதித்துவிடும்; பானையில் சோறு சரியாக வேகாது. குக்கர் வாங்குங்கள்.

எல்லோரிடமும் "தூ" போடுவது

"தூ" என்பது நீ, "உஸ்தெத்" என்பது நீங்கள். பெரியவர்களிடம் எதைச் சொல்வது என்று நம் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்பானியத்தோடு நிறுத்திக்கொள்வது

ஸ்பானியம் ஓரளவு பழகியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் கோச்சபாம்பாப் பள்ளத்தாக்கில் முதியவர்கள் பலருக்குத் தாய்மொழி, அந்த மலைநாட்டுப் பழங்குடிகளின் மொழியான கெச்சுவா. 1578இல் கொல்லத்தில் தமிழில் கிறிஸ்தவ மறைக்கல்வி நூல் ஒன்று அச்சேறியது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1584இல், பெருவின் லீமாவில் அச்சான தென்னமெரிக்காவின் முதல் நூல், அதுவும் மறைக்கல்வி நூல்தான், ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா என்று மும்மொழியில் வந்தது. அந்தக் காலத்துக் குருக்களுக்கே ஸ்பானியம் மட்டும் போதவில்லை.

நான் கெச்சுவாவில் முதலில் கற்ற சொல் "யாப்பா". சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் அம்மாவை "கசேரித்தா" என்று அழைத்து அதைக் கேட்டால், எடை போட்டு முடித்த குவியலின் மேல் இன்னும் இரண்டு கிழங்கைப் போடுவார். கிருஷ்ணகிரிச் சந்தையில் நாம் கேட்கும் அதே கொசுறுதான்.