ஸ்டியரிங் தண்டில் உள்ள கியர் லீவரின் ஆட்டத்தை நிறுத்துவது எப்படி

பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்கள் பலர், ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் லீவர் நியூட்ரலில் கிடக்கும்போதே அலைவதையும், முதல் கியரைத் தேடும்போது மூன்றாவது வந்து விழுவதையும் வண்டியின் வயதுக்கு இயல்பு என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அல்லது கியர் பாக்ஸே போய்விட்டது என்று முடிவுகட்டி அதை இறக்கிவிடுகிறார்கள். என் அம்பாசிடருக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே பற்களில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டித் தந்த பிறகும் லீவர் முன்போலவே ஆடியது. குறை இருந்த இடம், மூட்டுகளின் துளைக்குள் இருக்கும், சுண்டுவிரல் நுனியளவுள்ள சில புஷ்களும் (உலோக வளையங்கள்) அவற்றில் ஓடும் பின்களும் (சிறு உலோக அச்சுகள்)தான்.

இந்த வண்டிகளில் லீவரை ஓட்டுநர் பக்கம் இழுத்தாலும் தள்ளினாலும், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி ஓடும் கியர் தண்டு நெடுக்குவாட்டில் நகர்ந்து, எந்த வரிசைக் கியர் என்பதைத் தேர்கிறது. லீவரை மேலும் கீழும் அசைத்தால் அதே தண்டு சுழன்று கியரைப் போடுகிறது. இந்த இரண்டு அசைவுகளையும் அடியில் உள்ள கைகளும் (சிறு நெம்புகள்) ராடுகளும் (இணைப்புக் கம்பிகள்) கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோகின்றன. வழியில் உள்ள ஒவ்வொரு மூட்டும் அசைவில் ஒரு சிறு பங்கை விழுங்கிவிடும். ஆறு மூட்டுகளில் தலா 0.5 மி.மீ. தேய்ந்திருந்தால் மொத்தம் 3 மி.மீ. ஆகிறது, லீவரின் குமிழ் தண்டிலிருந்து 240 மி.மீ. தள்ளியும், அடியில் உள்ள கை 60 மி.மீ. நீளமும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆட்டம் குமிழில் நான்கு மடங்காகி 12 மி.மீ. எனத் தெரியும். ஆகவே ஒரே ஒரு புஷ்ஷை மாற்றிவிட்டுப் பலன் இல்லை என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை.

முதலில் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து லீவரை மெல்ல அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ராடு அசைந்தும் அடுத்த கை அசையாமல் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ராடுகளைக் கழற்றி, கியர் பாக்ஸின் நெம்புக் கைகளை மட்டும் விரலால் தள்ளிப் பாருங்கள். எல்லாக் கியரும் அழுத்தமாக விழுந்தால் கியர் பாக்ஸின் மேல் பெரும்பாலும் பழியில்லை. எஞ்சின், கியர் பாக்ஸ் ரப்பர் மவுண்டிங்குகளையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. அவை கிழிந்திருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சாய்ந்து ராடுகளை இழுத்துவிடும். புஷ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கியர் சரியாக நிற்காது.

கழற்றிய பின்னை மண்ணெண்ணெயில் கழுவி, நெடுக நகத்தால் தடவிப் பாருங்கள். தேய்ந்த பின்னில் புஷ் ஓடிய இடம் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். நகம் ஒரு படியில் தட்டுப்படும். நெம்புக் கையில் உள்ள துளையை வெர்னியரால் நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தால் அது முட்டை வடிவமாகியிருப்பது தெரியும். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால் எல்லாப் பாகமும் கடையில் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் பெல், சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த சிறு லேத் பட்டறைகளிலும், வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பட்டறைகளிலும் புஷ்களையும் பின்களையும் கடைந்து வாங்கலாம். துளையை வட்டமாகப் பெரிதாக்கி, சுவர் 1.5 மி.மீ.க்குக் குறையாத கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்ஷைச் சொருகச் சொல்லுங்கள். பின்னை ஈஎன்8 என்ற எஃகு வகையில் கடையச் சொல்லுங்கள். புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் வைஸில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அதன் உள்துளை சற்றுச் சுருங்கும் என்பதால், துளையை அளவாகச் சீவும் ரீமரை அதன் பிறகே ஓட்ட வேண்டும்; முன்பே ஓட்டிவிட்டு, பின்னானது நுழையவில்லை என்று அடித்து இறக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடைவெளி 0.05 முதல் 0.08 மி.மீ. வரை இருந்தால் போதும்: எண்ணெய் தொட்டதும் பின்னானது தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும், பக்கவாட்டில் அசைத்தால் சத்தம் வரக் கூடாது. துளையை வெல்டிங்கால் அடைத்து மறுபடி துளைப்பது, நெம்புக் கையில் புஷ்ஷுக்கு இடமே இல்லாதபோது மட்டும் செய்ய வேண்டிய வேலை.

தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள புஷ்களையும், லீவர் சுழலும் பின்னையும், ஸ்பிரிங் வாஷர்களையும் மறக்காதீர்கள். வேலூர்ப் புழுதியில் திறந்த மூட்டுக்கு அள்ளி அள்ளிக் கிரீஸ் அப்பினால் மணல் அதில் ஒட்டி, கிரீஸே உலோகத்தை அரைக்கும் விழுதாகிவிடும். மெல்லிய பூச்சும் ஒரு ரப்பர் உறையும் போதும்.

ராடின் நீளத்தைச் சரிசெய்வது கடைசி வேலை. புஷ் தேய்ந்த நிலையில் அதைத் தொட்டால் ஒரு கியரைச் சரியாக்கி இன்னொன்றைக் கெடுப்பீர்கள். கியர் பாக்ஸையும் லீவரையும் நியூட்ரலில் நிறுத்தி, மூட்டின் பின்னானது எந்த வலுவும் இல்லாமல் நுழையும் வரை ராடு முனையின் மரையைத் திருகி, லாக் நட்டை இறுக்கி, மூட்டு கழலாமல் காக்கும் புதிய ஸ்பிலிட் பின் (பிளவு ஊசி) போடுங்கள். ரிவர்ஸ் உட்பட ஒவ்வொரு கியரும் முழுவதும் விழுந்த பிறகும் லீவருக்குச் சற்று இடம் மிஞ்ச வேண்டும்.

பிறகு சமதளத்தில் ஓட்டிப் பார்த்து, எஞ்சின் நன்கு சூடேறியதும் ஏலகிரி மலைப்பாதையில் ஏற்றுங்கள். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது லீவர் தேடாமல் விழ வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்றால் ராடின் அளவை மறுபடி பாருங்கள், அது சரியாக இருந்தும் கழன்றால் மட்டுமே கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஒருமுறை கீழே படுத்து லாக் நட்டுகளையும் ஸ்பிலிட் பின்களையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.