மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு: வேலூர்ப் பக்கம் பாறைகளைப் படமெடுக்க

வேலூர் என்றதும் தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று அந்தப் பழைய பேச்சை யாராவது எடுத்துவிடுவார்கள். கேமராவோடு கிளம்புகிறவருக்கு அந்த இரண்டும்தான் வரம். மரம் மூடாத மலையில் பாறையின் முகம் முழுசாகத் தெரியும். வறண்ட பாலாற்றிலோ, கடற்கரையில் பார்ப்பது மாதிரியே காற்று வரைந்த மணல் வரிகள் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிச்சம். உச்சி வெயிலில் எந்தப் பாறையும் சாம்பல் பூசினாற்போல் தட்டையாகத்தான் விழும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல் போங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் தோள் பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும்.

இதை எனக்குப் புரியவைத்தது செங்கம் பக்கத்தில் ஒரு நடுகல், அதாவது இறந்த வீரனுக்கு உருவம் செதுக்கி நட்ட நினைவுக்கல். மதியம் போனபோது வெறும் பலகைக் கல், மேலே கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறரைக்குப் போய் நின்றால், சாய்ந்த வெயிலில் வில் தெரிகிறது, குறுவாள் தெரிகிறது, முன்னே வைத்த கால் கூடத் தெரிகிறது! காலையில் போக முடியாதவர்கள் ஒரு குடையையோ வேட்டியையோ பிடித்துக் கல்லின் மேல் நிழல் விழவைத்து, பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி ஒரு டார்ச் அடித்தால் போதும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது மட்டும் வேண்டவே வேண்டாம், கல் பாழாகிவிடும். இந்தக் கற்களைப் பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கிற பெரியவரிடம் "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அடுத்தது குண்டுப் பாறைகள். சாலையோரம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நிற்பதை யாரும் தூக்கி வைக்கவில்லை. மண்ணுக்கடியில் விரிசல் வழியே தண்ணீர் இறங்கி முனைகளைக் கரைத்து உருண்டையாக்கியது, பிறகு மேல்மண் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பாறைகளில் பலவற்றுக்கு வயது 250 கோடி ஆண்டு சுமார். அதனால் முழுப் பாறையை எடுத்ததோடு திரும்பிவிடாமல், வெங்காயத்தோல் மாதிரி உரிகிற இடத்துக்கும் குறுக்கே ஓடுகிற வெள்ளைப் படிகக்கல் கோட்டுக்கும் கிட்டே போய் எடுங்கள். அளவு தெரிய ஓர் ஆடோ மேய்ப்பவரோ படத்துக்குள் வந்தால் நல்லது.

கறுத்த பாறை சட்டத்தை நிறைத்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி அதை வெளுக்கவைக்கும், நீங்கள் குறையுங்கள். வெளிர் மணலில் நேரெதிர், கொஞ்சம் கூட்டுங்கள். செல்போனில் என்றால் திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு விரலால் ஏற்றி இறக்கலாம். பெரிய கேமராவில் லென்ஸின் திறப்பு அளவு எஃப் 8, எஃப் 11 போதும். பாலாற்று மணலுக்கு விடிந்ததும் போய்விட வேண்டும், பத்துப் பேர் நடந்தபின் வரிகள் இருக்காது. கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி வையுங்கள். மே மாதத்தில் ஒன்பது மணிக்கே தூரத்து மலை வெளிறிப்போகும். மழைக்குப் பிந்தைய டிசம்பர், ஜனவரிதான் என் விருப்பம்.

சோளிங்கர் பக்கம் போனால் மகேந்திரவாடியை விட்டுவிடாதீர்கள். தனியாகக் கிடந்த ஒரே பாறையைக் குடைந்து, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்கு எடுத்த கோயில். வந்தவர்கள் நேரே தூண்களுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் முப்பது நாற்பது அடி பின்வாங்கி, முழுப் பாறையும் அதன் தலைக்கு மேல் கொஞ்சம் வானமும் வருகிற மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டு, அப்புறம் தூணுக்கு வாருங்கள்.